கட்டிப் போடாதீர்கள், ஆள் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல வார்டில் செவிலியர் தாக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் 'திடீரென ஆவேசமடைந்த நோயாளி' என்றே எழுதுகிறார்கள். அந்த வார்டுகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். திடீரென நடந்தது என்று சொல்லக்கூடியவை மிகச் சில.

அறிகுறி முன்பே தெரியும். நோயாளி ராத்திரி முழுக்கத் தூங்காமல் வராந்தாவில் நடப்பார். கேட்டதையே கேட்பார். சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன அண்ணன் வந்திருக்க மாட்டார். அந்த நேரத்தில், கை எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் நின்று, அவர் போகும் வழியை மறிக்காமல், "என்னண்ணே, தூக்கம் வரலையா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாலு பேர் கூடி அதட்டினால் பயம்தான் கூடும். பலர் அடிப்பதே பயத்தில்தான்.

ஒரு நோயாளி தாக்கி என் மணிக்கட்டு உடைந்த இரவில் வார்டில் நான் ஒருத்திதான். அவர் மூன்று முறை வந்து வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். ரிப்போர்ட் புக் எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "காலையில பார்க்கலாம்" என்றேன். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்" என்று மறுநாள் சொன்னார்களே, அதுதான் ஆறவில்லை.

ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே ஒருவரைக் கட்டலாம் என்கிறது 97ஆம் பிரிவு. தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்று சொல்லியும் கட்டக் கூடாது. முழுக்க நியாயம். ஆனால் அந்த ஆளை யார் தருவது? ஊசி போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஊசி போட்டவரின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தபடி பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நோயின் பிடியில் இருப்பவர்மேல் வழக்குப் போடுவதால் அடுத்த இரவு டியூட்டிக்கு வரும் சிஸ்டருக்கு என்ன பாதுகாப்பு? இரவில் வார்டுக்கு இரண்டு செவிலியராவது, ஓர் அபாய மணி, ஆண்டுதோறும் பயிற்சி, அடிபட்டால் சம்பளத்தோடு விடுப்பு. அரசிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், அன்றிரவு அங்கே எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள் என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை