கமிட் ஆனது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று பொய் சொல்லப் போவதில்லை. கடைசி வரியில் "பையனுடைய நீச்சல் எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். சரி, சொல்லிவிடுகிறேன். அவன் கல்லூரியில் ஆண்கள் நீச்சல் அணியைக் கலைக்கிறார்கள். இந்த சீசன்தான் கடைசி.

ஒரு செவ்வாய்க்கிழமை, "மூன்று மணிக்கு எல்லோரும் அரங்குக்கு வரவும்" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பயிற்சியாளருக்கே அன்று காலையில்தான் தெரியுமாம். விளையாட்டுத் துறை இயக்குநர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நிதிப் பற்றாக்குறை, மாறிவரும் சூழல், மனதைக் கனக்கச் செய்யும் முடிவு. பத்து நிமிடத்தில் முடிந்தது. கேள்வி கேட்க நேரம் தரவில்லை. வெளியே வரும்போது மனநல ஆலோசகரின் எண் அச்சடித்த அட்டையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்களாம். "நல்ல தடிமனான அட்டைப்பா, அதில் சிக்கனம் பார்க்கவில்லை" என்றான். அவனுக்கு என் வாய்.

உனக்கு இந்த அமெரிக்கக் கல்லூரி வழக்கம் தெரியாது, கொஞ்சம் விளக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையைப் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் தொலைபேசியில் துரத்துவார்கள். ஒரு நாள் அவன் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, அதன் தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, "நான் கமிட் ஆகிவிட்டேன்" என்று ஊருக்குச் சொல்வான். சொல்லே அதுதான், கமிட், அதாவது வாக்குக் கொடுத்துக் கட்டுப்படுவது. 2024 வரைக்கும் அதற்கென்று தனிப் படிவம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் சிக்கல்தான். எதிர்ப்பக்கம் எப்படித் தெரியுமா? 1973 முதல் 2012 வரை விளையாட்டு உதவித்தொகையை ஓர் ஆண்டுக்கு மேல் எழுதிக்கொடுக்க, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதியே இடம் தரவில்லை. வருடா வருடம் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்று பல ஆண்டுகளுக்குத் தரலாம். ஆனாலும் அணி இருக்கும் என்று எந்தக் கல்லூரியும் எழுதிக்கொடுப்பதில்லை. நானும் அந்தத் தொப்பிப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியவன்தான். கமிட் ஆனவன் அவன் ஒருவன் மட்டும்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பணம் எங்கே போகிறது என்று கேட்பாய். 2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி பெரிய ஒப்பந்தம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஹவுஸ் வழக்கு என்பார்கள். அதன்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதில் எனக்கு வருத்தம் இல்லை. பல பத்தாண்டுகளாகத் தொலைக்காட்சிப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்த கால்பந்துப் பையன்களுக்கு (நம் கால்பந்து இல்லை, கையால் வீசுகிற இவர்கள் கால்பந்து) ஒரு பங்கு வரவேண்டியது நியாயம். ஆனால் புதிதாக ஒருவருக்குக் கொடுக்கவேண்டும் என்றால் எங்கிருந்தாவது எடுக்க வேண்டும், இல்லையா? எடுக்கிற கை முதலில் நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம்தான் நீள்கிறது. கால்பந்துப் பயிற்சியாளர் பக்கம் நீள்வதில்லை. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்பியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்காக அவருக்குத் தரவேண்டியிருந்தது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! அந்தத் தொகைக்கு ஒரு நீச்சல் அணியைப் பல தலைமுறை ஓட்டலாம்.

எங்கள் கல்லூரி அந்தப் பெரிய மனிதர்கள் வரிசையில் இல்லை. யானைகள் சண்டை போடுகிற இடத்தில் நின்ற புல் என்று வைத்துக்கொள்.

சேமிப்புக் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆண்கள் நீச்சலுக்கு விதிப்படி 9.9 முழு உதவித்தொகைதான் நெடுங்காலமாக உச்சவரம்பாக இருந்தது. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். என் மகனுக்குக் கிடைத்தது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு என் சம்பளமும் கடனும். அப்படியானால் அணியைக் கலைத்தால் அடுத்த ஆண்டு அத்தனை பேருடைய கட்டணமும் சேர்ந்துதானே போகும்? இதைப் புரிந்துகொண்ட சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாம் பிரிவு என்பார்கள், விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே இடங்களை நிரப்புவதற்காகவே புதிய அணிகளைத் தொடங்குகிறார்கள். இன்னொன்று, பெண்கள் அணி அதே குளத்தில், அதே பயிற்சியாளரிடம் தொடர்கிறது. ஆண்கள் போனாலும் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கித்தானே ஆகவேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில், "பெண்கள் அணிக்கு மட்டும் பணம் எங்கிருந்து வருகிறதாம்?" என்று கத்திவிட்டேன். டைட்டில் நைன் என்று 1972இல் வந்த சட்டம் இருக்கிறது. கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பது அது. அதைக் காரணம் காட்டித்தான் ஆண்கள் அணிகளை வெட்டுகிறார்கள் என்று இங்கே பல அப்பாக்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பள்ளியில் படிக்கிற மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கால்பந்துக்கு 105 பேர் வைத்துக்கொள்ளலாம்பா. அதில் பத்துப் பேரைக் குறைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுத்ததா? அண்ணன் அணியைத்தான் வெட்டு என்று சொன்னதா?" என்றாள். பதில் இல்லை. அவள் சொன்னதற்காகவே தேடிப் படித்தேன். 1991இல் பிரவுன் பல்கலைக்கழகம் செலவைக் குறைக்கிறோம் என்று பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் வாலிபால் அணிகளைப் படியிறக்கியது. அந்த மாணவிகள் வழக்குப் போட்டார்கள். அது முடிய 1998 ஆயிற்று. தொடங்கியவர்கள் எல்லோரும் படிப்பு முடித்து எப்போதோ போயிருப்பார்கள். தங்களுக்குக் கிடைக்காத ஒன்றுக்காக அத்தனை வருடம் நின்றிருக்கிறார்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் பெற்றோர் கூட்டம். நிதி திரட்ட வேண்டும், கடிதம் எழுத வேண்டும் என்றெல்லாம் பேச்சு. ஒரு தந்தை எழுந்து, "விடாமுயற்சியும் குணமும் இருக்கிற அணி அழியாது, வரலாற்றைப் பாருங்கள்" என்றார். அவர் சொன்ன கதைகள் நல்ல கதைகள்தான். 2010 செப்டம்பரில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பேஸ்பால் அணியைக் கலைப்பதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் பணம் திரட்டி 2011 ஏப்ரலில் மீட்டார்கள். அதே சீசனில் அந்த அணி ஒரு தகுதிச் சுற்றுப் போட்டியின் கடைசி இன்னிங்ஸில் நான்கு ஓட்டம் எடுத்து பேலர் பல்கலைக்கழகத்தைச் சாய்த்து, அப்படியே ஓமஹாவில் நடக்கும் தேசிய இறுதிக் கட்டம் வரை போனது. இன்னொன்று ஸ்டான்ஃபோர்டு. 2020 ஜூலையில் 36 அணிகளில் 11ஐக் கலைக்கப் போவதாகச் சொன்னார்கள், மல்யுத்தம் உட்பட. அடுத்த மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்ற மல்யுத்த வீரன் கல்லூரி சின்னமே இல்லாத வெறும் கறுப்பு உடையில் களமிறங்கித் தேசியப் பட்டத்தை வென்றான். இரண்டு மாதம் கழித்து 11 அணிகளும் தொடரும் என்று பல்கலைக்கழகம் பின்வாங்கியது. அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் மற்ற கதைகள் நினைவுக்கு வந்தன. 2020 அக்டோபரில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸை வெட்டியது. அடுத்த ஏப்ரலில் தேசியப் போட்டி அவர்கள் வளாகத்திலேயே நடந்தது. தங்களை வேண்டாம் என்று சொன்ன கல்லூரியின் சொந்த அரங்கில், அந்தப் பையன்கள் கடைசி முறையாகப் போட்டியிட்டார்கள். அவர்களில் ஷேன் விஸ்கஸ் அந்த ஆண்டே டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனான். அணி திரும்ப வரவில்லை. இப்போது கிளப்பாக, தாங்களே பணம் போட்டு நடத்துகிறார்கள். அயோவா பல்கலைக்கழகமும் அதே 2020இல் ஆண், பெண் இரு நீச்சல் அணிகளையும் கலைத்தது. மாணவிகள் வழக்குப் போட்டதும் பெண்கள் அணி மீண்டது, ஆண்கள் அணி மீளவில்லை. இவர்களுக்குக் குணம் போதவில்லையா? ஸ்டான்ஃபோர்டின் பின்னால் வசதியான முன்னாள் மாணவர்களும் வழக்கறிஞர்களும் நின்றார்கள் என்பதைக் கதை சொல்லும்போது மெதுவாக விழுங்கிவிடுகிறோம். அந்தத் தந்தையிடம் இதைச் சொல்லவில்லை. பாவம், அவர் மகன் முதலாண்டு.

"விளையாட்டு குணத்தை வளர்க்கும்" என்று இங்கே ஒவ்வொரு அரங்கின் சுவரிலும் எழுதியிருப்பார்கள். வளர்க்கட்டும். ஆனால் பணம் குறையும்போது சோதிக்கப்பட வேண்டியது கையெழுத்துப் போடுகிறவர்களின் குணம். சோதனையை மட்டும் பத்தொன்பது வயதுப் பையன்கள் எழுத வேண்டியிருக்கிறது. அதில் தேறினால் பாராட்டி ஒரு பேட்டி, தேறாவிட்டால் "அர்ப்பணிப்பு இல்லை".

நம் ஆள் எப்படி இருக்கிறான் என்றுதானே கேட்டாய். முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. நான்கு பேர் வேறு கல்லூரிக்கு மாறப் போகிறார்கள். இறுதியாண்டுப் பையன்கள் இருவர் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டு ஊர் சுற்றுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இவனுக்கு இது பொறியியல் மூன்றாம் ஆண்டு. மாறினால் பாதிப் பாடங்களை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அதனால் இருக்கிறான். உதவித்தொகையைப் படிப்பு முடியும்வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, இன்னமும் காலை ஐந்தரை மணிக்குக் குளத்தில் இருக்கிறான். எல்லா நாளும் இல்லை. போன வாரம் இரண்டு நாள் தூங்கிவிட்டான், நான் எழுப்பவில்லை என்று என்மேல் கோபம். நூற்றைம்பது மைல் தள்ளி இருக்கிறேன், எப்படி எழுப்புவது?

"எதற்குடா இன்னும் போகிறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "என் லேனில் ஒரு முதலாண்டுப் பையன் இருக்கிறான்பா. அவனுக்கு வேகத்தைக் கணக்குப் பண்ணத் தெரியாது. நான் முன்னால் போகவில்லை என்றால் முதல் இருநூறிலேயே செத்துவிடுவான்" என்றான். அந்தப் பையன் அடுத்த வருடம் எந்தக் குளத்தில் இருப்பானோ தெரியாது. இவனும் போட்டியில் இருக்கப் போவதில்லை. ஆனாலும் இவன் முன்னால் போக, அவன் பின்னால் வருகிறான்.

பயிற்சியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இரண்டு அணிகளையும் பார்த்துக்கொண்டவருக்கு வருகிற ஜூனோடு சம்பளம் குறைகிறது, உதவியாளருக்கு வேலையே போகிறது. அந்த உதவியாளர் தனக்கு வேலை தேடுவதற்கு முன்னால், தினமும் மாலை உட்கார்ந்து மற்ற கல்லூரிகளுக்குத் தொலைபேசி போட்டு, மாறிப்போகிற நான்கு பேருக்கும் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதைப் பையன்களிடம் அவர் சொல்லவே இல்லை. எதிர்முனையில் பேசிய ஒரு பயிற்சியாளர் சொல்லித்தான் தெரிந்தது.

உன் தங்கை மகன் டென்னிஸ் உதவித்தொகையில் இங்கே வர ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாயே. வரட்டும், தடுக்காதே. இரண்டு விஷயம் மட்டும் சொல். டென்னிஸ் இல்லாமல் போனாலும் அந்தக் கல்லூரியில் நான்கு வருடம் இருப்பானா என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல். அணியைக் கலைத்தால் உதவித்தொகை என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். பயிற்சியாளர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அம்மாவின் கண் அறுவைசிகிச்சை நல்லபடி முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். உன்னை நம்பி ஒப்படைக்காமல் அலைபேசியில் மணி வை.

கடைசிப் போட்டி பிப்ரவரியில். நானும் மனைவியும் போகிறோம். அன்று தொலைபேசியில் பேசும்போது இவனிடம் நம் கல்லூரி நாள் ரிலே ஓட்டக் கதையைச் சொன்னேன். பயணப்படி கிடையாது என்று கல்லூரி கையை விரித்ததும், நீ உன் அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தை அடகு வைத்து நான்கு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாய். போய் முதல் சுற்றிலேயே தோற்று, பேசாமல் திரும்பி வந்தோம். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மாமாவுக்கு வாட்ச் திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லைடா. இத்தனை வருடத்தில் நான் கேட்கவே இல்லை, நீயும் சொல்லவில்லை. மீட்டாயா?

அன்புடன்,
உன் ரிலே அணியின் மூன்றாம் ஓட்டக்காரன்