தையலுக்கு அடியில் இருக்கும் தசை

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். வாயின் மேற்கூரையான அண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைகளைக் கவனிக்கும் அண்ணப்பிளவுப் பிரிவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரத்துக்கொண்டே இருக்கிறது. அறுவை சிகிச்சையைக் கற்றுத்தர உனக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தைத்து அனுப்பிய பிறகு அந்தக் குழந்தைகளின் பேச்சைக் கேட்பவள் என்ற முறையில், பேச்சுப் பயிற்சியாளராக நான் எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் ஒரு சிறுமி வருகிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே வேறோர் இடத்தில் அண்ணத்தை மூடிவிட்டார்கள். அவள் 'பாப்பா' என்று சொன்னால் 'மாம்மா' என்றுதான் கேட்கிறது. மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பட்டு' என்று சொல்லச் சொன்னால், தெளிவாக இருக்க வேண்டிய கண்ணாடியில் ஆவி படிகிறது. வாயைத் திறந்து பார்த்தால் தையலில் ஒரு குறையும் இல்லை. துளை எதுவும் இல்லை. ஆனால் 'ஆ' என்று சொல்லும்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் நடுவில் மேலெழுந்து பின்னால் நகர வேண்டியதற்குப் பதிலாக, முன்னாலிருக்கும் கடினமான வல்லண்ணத்தின் எலும்பு விளிம்பை ஒட்டியே சுருங்கி நின்றுவிடுகிறது. மேல்தோல் சேர்ந்திருக்கிறது, தசை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது என்று சந்தேகப்பட இந்த ஓர் அசைவே போதும்.

மெல்லண்ணத்தைத் தூக்கும் லெவேட்டர் தசை மண்டையோட்டின் அடியில், காதுக்குச் செல்லும் யூஸ்டேசியன் குழாயின் பக்கத்தில் தொடங்கி, இரு புறமிருந்தும் இறங்கி வந்து மெல்லண்ணத்தின் நடுவே ஒன்றுசேர்ந்து தூளி போலத் தொங்குகிறது. அது சுருங்கும்போது மெல்லண்ணம் மேலும் பின்னுமாக எழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்கின் வழியை அடைக்கிறது; க, ச, ட, த, ப போன்ற ஒலிகளுக்கு வேண்டிய காற்றழுத்தம் அப்போதுதான் வாய்க்குள் நிற்கும். பிளவுள்ள குழந்தைகளில் இந்தத் தசைகள் நடுவில் சந்திப்பதே இல்லை. பிளவின் ஓரத்தோடு முன்னோக்கி ஓடி எலும்பு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிரான்சில் அறுவை மருத்துவர் விக்டர் வோ 1931-லேயே இதை விவரித்துவிட்டார். ஆயினும் 1969-இல் ஜெர்மனியின் ஓட்டோ கிரீன்ஸ், தசையை எலும்பிலிருந்து விடுவித்துக் குறுக்காகத் திருப்பித் தைக்க வேண்டும் என்று எழுதிய பிறகுதான் பலர் அதில் கவனம் செலுத்தினார்கள். இங்கிலாந்தின் பிரையன் சோமர்லாட், அறுவை நுண்ணோக்கியின் உதவியோடு தசையை இன்னும் முழுமையாகப் பிரித்துப் பின்னால் கொண்டுசென்று தைக்கும் முறையை 2003-இல் விரிவாக வெளியிட்டார். அதை நீ கட்டாயம் படித்திருப்பாய்.

முதல் அறுவையில் தசையை நுண்ணோக்கியிலேயே நேரில் பார்த்துவிடலாம். அந்த வயதுக் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் அதை வற்புறுத்தமாட்டேன். இரண்டாம் அறுவைக்கு வரும் குழந்தையின் நிலை வேறு. மூக்குவழி எண்டோஸ்கோப்பி இடைவெளியின் அளவையும் வடிவத்தையும் காட்டும். அசையும் எக்ஸ்ரே மெல்லண்ணம் எவ்வளவு உயர்கிறது என்பதைக் காட்டும், கதிர்வீச்சும் உண்டு. இரண்டுமே மேற்பரப்பைத்தான் காட்டுகின்றன. தசையை அதன் இடத்தில் வைத்தே காட்டுவது எம்.ஆர்.ஐ. மட்டும்தான். அமெரிக்காவில் கிழக்குக் கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஜேமி பெர்ரியின் குழுவினர், சிறு பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கி, மயக்க மருந்தே இல்லாமல் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 'ஈ' என்று நீட்டிச் சொல்லச் சொல்லி, தசை சுருங்கிய நிலையிலும் படமெடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. 'மெல்லண்ணத்துக்கு எம்.ஆர்.ஐ.' என்று சீட்டு எழுதி அனுப்பினால் வழக்கமான தளங்களில் எடுத்து அனுப்பிவிடுவார்கள். லெவேட்டர் சாய்வாக இறங்கும் தசை என்பதால் அந்தப் படங்களில் அது துண்டுதுண்டாகத்தான் தெரியும். தசை ஓடும் திசையிலேயே சாய்ந்த கொரோனல் தளம் (முன்பக்கம், பின்பக்கம் என்று பிரிக்கும் வெட்டுத்தளத்தைச் சாய்த்தது) வேண்டும் என்று கேள்; முடிந்தால் கதிரியக்க நிபுணரின் பக்கத்தில் போய் உட்கார். இடது வலது தசைகள் நடுவில் தொடர்ச்சியாகச் சேர்கின்றனவா, எலும்பு விளிம்பிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கின்றன, எவ்வளவு தடிமன் என்று அளக்கச் சொல். பல்லில் கம்பி கட்டியிருந்தால் படம் கெடும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்.

தொண்டைச் சுவரிலிருந்து சதை மடல் எடுத்து இடைவெளியை அடைக்கும் அறுவை பல குழந்தைகளுக்குப் பேச்சைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதன் பிறகு குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் வருவதுண்டு. தசை முன்னாலேயே கிடக்கிறது என்று படத்தில் தெரிந்தால், அதை விடுவித்துச் சரியான இடத்தில் மீண்டும் தைப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். 22க்யூ11 குறைபாடு, அதாவது 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாத நிலை, உள்ள குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: சிலருக்குக் கழுத்தின் பெரிய தமனி, மடல் எடுக்கும் பின்சுவருக்கு அடியிலேயே நடுவை நோக்கி விலகி ஓடும். அதைக் கத்தி வைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மேல்தோல் மூடியிருந்து தசை மட்டும் பிளந்திருக்கும் குழந்தைகளையும் மறந்துவிடாதே. அதற்கு அடையாளமான இரட்டை உள்நாக்கும், நடுவில் நீலம் பாய்ந்த மெல்லிய கோடும், எலும்பு விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளமும் எல்லாக் குழந்தைகளிடமும் தெளிவாக இருப்பதில்லை. இவர்களில் சிலர் மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையை எடுத்த பிறகுதான் மூக்கால் பேசத் தொடங்கி, பெற்றோர் பதறிப்போய் என்னிடம் வருகிறார்கள். அதுவரை அந்தச் சதைதான் இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

சிறுமிக்கு அடுத்த வாரம் ஸ்கேன். 'ஈ' என்று நீட்டிச் சொல்ல இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறேன்; அவள் அம்மா வீட்டில் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறார். பெற்றோரின் சம்மதம் வாங்கி, பெயரை நீக்கிவிட்டுப் படங்களை உனக்கு அனுப்புகிறேன். உன் பேராசிரியரிடம் காட்டி, மறுதையல் போதுமா என்று கேட்டு எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா