பாப்பாவும் கத்திரியும்

பேரணாம்பட்டு
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு செல்விக்கு,

மூன்று வயதாகியும் பாப்பாவுக்குக் கத்திரி பிடிக்கத் தெரியவில்லை என்று பள்ளியில் சொன்னார்களாமே. நீ போனில் அழுதபோது எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

மூன்று வயதில் காகித ஓரத்தை நறுக் நறுக்கென்று வெட்டினாலே போதும். கோட்டின் மேல் வெட்ட நாலு வயதாகும். வட்டமெல்லாம் அதற்கும் அப்புறம்தான்.

நீ அவள் கத்திரி பிடிக்கும் கையையே பார்க்கிறாய். மற்றக் கையைப் பாரம்மா. பீடி இலை வெட்டும்போது நான் அளவுத் தகட்டை இலைமேல் வைத்துப் பிடிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? கத்திரி இருந்த இடத்திலேயே இருக்கும், இலைதான் சுற்றி வரும். காகிதம் கையில் தொளதொளவென்று தொங்கினால் பெரியவர்களாலும் வெட்ட முடியாது.

முதலில் காகிதமே வேண்டாம். சப்பாத்தி மாவைப் பாம்பு மாதிரி உருட்டிக் கொடு. ஒரே அழுத்தில் துண்டாகும், அவளுக்கும் சந்தோஷம். அப்புறம் கீரைத்தண்டு, ஸ்ட்ரா. ஸ்ட்ரா துண்டுகள் தெறித்து ஓடும். பொறுக்கி நூலில் கோர்க்கட்டும், விரலுக்கு அதுவும் நல்லது.

பிறகு காகிதம். செய்தித்தாள் கொடுக்காதே, மெல்லிசு, கத்திரிக்குள் மடங்கிக்கொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகைதான் சரி. ஒரு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டு விழும். அது பழகியதும் இரண்டு விரல் அகலம், அப்புறம் ஸ்கெட்ச் பேனாவில் தடியாக ஒரு கோடு.

கட்டை விரல் மேலே இருக்க வேண்டும். இரண்டு கட்டை விரல் நகத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடு. வெட்டும்போது இரண்டு பொட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்தால் கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முனை மழுங்கிய சின்னக் கத்திரி வாங்கு, ஆனால் அது வெட்ட வேண்டும். வெட்டாத கத்திரியைக் கொடுத்தால் குழந்தை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். கால் தரையில் படும்படி உட்கார வைத்து, நீயும் பக்கத்திலேயே இரு. நீ எழுந்தால் கத்திரியும் உன்னோடு வந்துவிட வேண்டும்.

எனக்கு எட்டு வயதில் கத்திரி கொடுத்தார்கள். கொடுத்த இலையில் ஆயிரம் பீடி தேற வேண்டும், ஒரு இலை வீணானாலும் திட்டு விழும். வெட்டும்போதெல்லாம் பயந்துகொண்டே இருப்பேன். பாப்பா கோணலாக வெட்டட்டும், எத்தனை பத்திரிகை வேண்டுமானாலும் வீணாகட்டும். கையைப் பிடித்துத் திருத்தாதே.

வீட்டில் இருந்த பத்திரிகைகளைக் கட்டி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறார். அவள் வெட்டுகிற துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாதே. ஒரு கவரில் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

அம்மா