காலிக் கோட்டையில் பின்னேரமும் மலசலகூடத்தைத் திறந்து வையுங்கள்

காலிக் கோட்டைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

மதிலைச் சுற்றிப்பார்க்க வரும் சனத்தின் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் போனோம். எழுபது தாண்டியவர், சீனி வருத்தம் வேறு. வெளிச்சவீட்டடிக்கு வரும்போதே, "தம்பி, ஒருக்கால் போகவேணும்" என்றார். விசாரித்து, வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போனால் கதவில் பூட்டு. நாலு மணிக்கே பூட்டிவிடுவார்களாம், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சூரியன் மறைவதைப் பார்க்க அத்தனை சனமும் மதிலில் ஏறுவதே அதற்குப் பிறகுதானே! ஒரு கபேயில் கெஞ்சிக் கேட்டோம், ஏதாவது வாங்கினால்தான் விடுவோம் என்றார்கள். நான் தேநீருக்குக் காசு கட்டி முடிப்பதற்குள் அம்மாவுக்குத் தாங்கவில்லை. சேலையைக் கையால் பொத்திப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய் கட்டி, கடல்நீரை உள்ளே விட்டுக் கழுவினார்கள், நீர் இறைக்க ட்ரைட்டன் கொத்தளத்தில் காற்றாலை இருந்தது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது யுனெஸ்கோ அந்தக் கால்வாயையும் சேர்த்துத்தான் பேசுகிறது. இங்கே ஒரு கதவைத் திறந்து வைக்க முடியவில்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலும் நகைக்கடையுமாக மாறிவிட்டன, காசுள்ளவருக்கு அங்கே எல்லா வசதியும் உண்டு. உனவட்டுனவில் கடலில் குளித்துவிட்டுப் பிள்ளைகளோடு பஸ்ஸில் வருகிற குடும்பம் எங்கே போகும்? அப்புறம், சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல் கிடைத்த ஊர் இது, அந்தக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலிலோ தமிழில் ஒரு வரிகூட இல்லை. சரி, அதற்கு வேறொரு கடிதம் எழுதவேண்டும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். இரவு ஏழு மணிவரை அந்த மலசலகூடம் திறந்திருக்கட்டும், குழாயில் தண்ணீர் வரட்டும், துப்புரவு செய்ய பின்னேரமும் ஓர் ஊழியரைப் போட்டு அவருக்கு அதற்கான சம்பளத்தைக் கொடுங்கள். கட்டணம் வேண்டுமென்றால் வாங்குங்கள், தருகிறோம். அடுத்த போயா விடுமுறைக்குச் சனம் வருமுன் இதைச் செய்து தாருங்கள், தயவுசெய்து.