பொத்துவில் முனையின் நீண்ட அலைக்கு எங்களை அனுப்பி வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், ஆசிரியர்களுக்கு,

அலைச்சறுக்குக்காக (சர்ஃபிங்) இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவில் முனைக்குப் போய்வந்தோம். சேலத்திலிருந்து கடல் ஏறக்குறைய 200 கி.மீ. கடற்கரைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதை எல்லாம் நாங்கள் இங்கே ஆள் ஆளாகத் தேடிக் கேட்டுத்தான் பெற்றோம். கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அடுத்துப் போகிறவர்களுக்கும் பயன்படும்படி எழுதி வைப்பதே முறையான நன்றி என்று நினைக்கிறோம்.

முதல் வணக்கம் செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய் தைக்கும் அண்ணனுக்கு. 8 அடி சர்ஃப் போர்டுக்கு உள்நீளம் எட்டரை அடியாகப் பை தைத்தார். நடுவில் 10 மி.மீ. ஃபோம், வெளியே வெயிலைத் திருப்பும் வெள்ளித்தாள் துணி, நைலான் நூல், பிளாஸ்டிக் ஜிப். உலோக ஜிப் உப்புக்காற்றில் இறுகிப்போகும் என்று முதலிலேயே தடுத்தவர் அவர்தான். விமான நிலையங்களில் போர்டு உடைவது பெரும்பாலும் மூக்கிலும் வாலிலும்தான், ஏனென்றால் சுமப்பவர்கள் அதைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். அந்த இரண்டு முனைகளுக்கும் இரட்டை ஃபோம் வைத்தார். ஓரங்களுக்கு ஏ.சி. குழாயில் போடும் கறுப்பு ஃபோம் உறையை நெடுக்கே கீறி மாட்டச் சொன்ன மெக்கானிக் தம்பிக்கும் நன்றி. ஃபின்களை, அதாவது போர்டின் அடியில் திருகி மாட்டும் துடுப்பு போன்ற துண்டுகளை, கழற்றித் துண்டில் சுற்றி, அவற்றின் சாவியை அதே துண்டில் முடிந்து வைக்க வேண்டும். தனியே வைத்தால் அது மட்டும் காணாமல் போகும்.

ஃபைபர் தொட்டி செய்யும் பட்டறைக்காரருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எபாக்ஸி ரெசின் (பிசின்) பூசிய போர்டுகளின் உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. அதில் கீறல் விழுந்து, தொட்டிக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸி ரெசின் மட்டுமே ஆகும். ரெசின் விமானத்தில் ஏறாது, போன இடத்தில்தான் வாங்க வேண்டும். அதுவரை கீறலை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, மேலே ஒட்டுநாடா போட்டால் போதும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் போர்டு உப்பும். உள்காற்றை வெளிவிடும் வென்ட் திருகு உள்ள போர்டானால் பயணத்தில் தளர்த்தி வைத்து, தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் இறுக்க வேண்டும். சேலத்து மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் எந்தப் போர்டையும் விடாதீர்கள்.

நீச்சல் பயிற்சியாளருக்கும், தன் தோட்டத்துக் கிணற்றைத் திறந்துவிட்ட ஏற்காட்டு அடிவாரத்துப் பெரியவருக்கும், கோவளம் குப்பத்தில் அலையின் மரியாதையைச் சொல்லிக் கொடுத்த மீனவ அண்ணன்மாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்பது உலகமெங்கும் ஒரே சட்டம்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பறந்தால் போதும். நீளம் சொல்லி விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து பொத்துவிலை ஒட்டிய அறுகம்பைக்கு வண்டியில் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

இனி பொத்துவில் காக்காமாருக்கு (அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்). நீங்கள் சொன்னதுதான் இந்தப் பயணத்தின் உயிர். ஜூலை, ஆகஸ்டில் அறுகம்பையின் பெரிய முனையில் கூட்டம் நெரியும். ஊருக்கு வடக்கே உள்ள பொத்துவில் முனை அமைதியாக இருக்கும். அடியில் பெரும்பாலும் மணல், தொடக்கத்தில் மட்டும் சில பாறைகள். வடகிழக்குப் பருவமழைக் கடல் கலைத்துப்போட்ட மணல் மீண்டும் படிந்து திட்டாக இறுக வேண்டும், ஆகவே ஜூனுக்கு முன் அவசரப்படாதே என்றீர்கள். திட்டு ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் ஒரே அலையில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நடுவே மணல் அறுந்திருந்தால் அலை அங்கே தடித்து அடங்கிவிடும்.

வானிலை அறிக்கையில் உயரத்தை மட்டும் பார்க்காதே, இரு அலைகளுக்கு இடைப்பட்ட விநாடியைப் பார் என்ற அறிவுரை பொன்னானது. ஆழ்கடலில் அலைநீளம் மீட்டரில் 1.56 பெருக்கல் விநாடியின் வர்க்கம். 8 விநாடி அலைக்கு நீளம் 100 மீட்டர், 14 விநாடி அலைக்கு 306 மீட்டர். அலைநீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை அடித்தரையை உணரத் தொடங்கும். அதாவது முதலாவது 50 மீட்டர் ஆழத்தில், இரண்டாவது 153 மீட்டர் ஆழத்திலேயே. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை முனையைச் சுற்றி நன்றாக வளைந்து கரையோடு வரிசையாக உடைவது அதனால்தான். குறுகிய அலை வளையாமல் கடந்து போகும்.

விடியலில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து வீசி அலையின் முகத்தை நிமிர்த்தி வைக்கும். முற்பகலில் கடற்காற்று திரும்பியதும் முகம் கசங்கும். ஆனாலும் இருட்டில் கிளம்பக் கூடாது, வழியில் யானை நிற்கும். நன்றாக வெளிச்சம் வந்தபின் ஆட்டோ எடுத்த காக்காவின் நிதானத்துக்கு நன்றி.

இது வலப்பக்கம் ஓடும் அலை. நேரே கரையைப் பார்த்து இறங்கினால் அது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். அலையைப் பிடிக்கக் கைகளால் துழாவும்போதே மூக்கை வலப்பக்கம் சற்றே திருப்ப வேண்டும். முன்காலில் எடை வைத்தால் வேகம், பின்காலில் வைத்தால் தடை. முடிந்ததும் நீந்தித் திரும்பாதீர்கள். ஓட்டம் உங்களுக்கு எதிராக இருக்கும், தோள் ஓய்ந்துவிடும். காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு கரையோடு தொடக்க இடத்துக்கு நடந்து, பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வந்து ஓய்ந்ததும் இறங்குங்கள்.

அறுகம்பைக்குத் தெற்கே பாணமை ஊரைத் தாண்டி உகந்தையிலும் அலை உண்டு. அது குமண தேசியப் பூங்காவின் வாசல், உகந்தமலை முருகன் கோயில் இருக்கும் இடம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் காட்டுக்குள் நுழையும் முன் அங்கே தங்குவார்கள். ஆடிவேல் நாட்களில் போர்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவே நடக்காமல் வேறு கரைக்குப் போவதே நல்லது. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்ன கோயில் வாசல் கடைக்கார அம்மாவை வணங்குகிறோம்.

ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இறங்காதீர்கள் என்று பொத்துவிலில் கேட்டுக்கொண்டார்கள். இங்கிருந்து போகிறவர்கள் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று மன்றாடுகிறோம்.

பையும் கூரையில் கட்டும் பட்டைகளும் தார்ப்பாய் அண்ணனின் கடையில் இருக்கின்றன. இரவல் வாங்கிப் போகலாம். திருப்பித் தரும்போது மணலை உதறி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஜிப்பில் மெழுகுவத்தி தேய்த்துத் தாருங்கள்.

நன்றியுடன்,
சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் போய்வந்தவர்கள்