வேலை எங்களுக்கு, பேர் வேறு ஆளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைத்தளத்தில் பெண்கள் முன்னேறுவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இதழின் பெண்கள் பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். தன்னம்பிக்கை வேண்டும், கூச்சத்தை விட வேண்டும் என்கிறார்கள். சரி, வேண்டியதுதான். ஆனால் ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிற எனக்குத் தெரிந்தவரை, அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது, இந்தப் பொறுப்பை இவர்தான் பார்க்கிறார் என்று எழுதிய ஒரு கடிதம் கையில் இருப்பது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி லீவு போட்டால் ஆட்களுக்குத் தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பது, முற்றல் இலை கலக்காமல் பார்ப்பது, மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்துக்கொண்டு நின்று, சாக்குக்கும் ஈரத்துக்கும் கூடுதலாகக் கழித்தால் சண்டை பிடிப்பது எல்லாம் அவர்தான். கங்காணி ஒரு தடவை காலை முறித்துக்கொண்டு நாலு மாதம் படுத்திருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஆனால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அம்மாவுக்கு விழுந்தது கொழுந்துப் பேர் மட்டும். (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.) தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று வந்ததே 1984இல்தான். மலையில் நிற்பது முழுக்கப் பொம்பளை ஆட்களாக இருந்தாலும் பல இடங்களில் கங்காணி இன்றைக்கும் ஆம்பளைதான்.

நான் படித்து ஆபீசுக்குப் போனேன், அங்கேயும் அதே கதை. உதவி முகாமையாளர் மாற்றலாகிப் போனதும் "தங்கச்சி, புது ஆள் வரும்வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்றார்கள். அந்தக் கொஞ்சம் இரண்டரை வருஷம் ஓடியது. கடைசியில் கண்டியிலிருந்து ஒரு தம்பி வந்தார், நல்ல பிள்ளை, அவருக்கு வேலை பழக்கியதும் நான்தான். ஏன் எனக்குத் தரவில்லை என்று கேட்டால், நீங்கள் அந்த வேலை பார்த்ததாக ஃபைலில் ஒன்றும் இல்லையே என்றார்கள். அது உண்மைதான், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போது யாராவது வாயால் ஒரு பொறுப்பைத் தந்தால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுகிறேன்: இன்ன திகதியிலிருந்து இன்ன வேலையைப் பார்க்கச் சொன்னீர்கள், எதுவரைக்கும், அதற்குக் கொடுப்பனவு உண்டா? சண்டைக்காரி என்று ஒருவர் சொன்னார், சொல்லட்டும். சிங்களத்தில் எழுதப் பழகியதும் அதற்காகத்தான், மேலிடத்தில் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் ஓடும். இன்னொன்று, மாதக் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு வைப்பார்கள், எனக்கோ பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பாதியில் எழும்பிப் போகிறவளுக்கு எந்தப் பொறுப்பு வரும்? மூன்று பேர் கையெழுத்து வைத்துக் கேட்டோம், கூட்டம் இரண்டு மணிக்கு மாறியது. பெரிய போராட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை, அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அரசியலிலும் இதைத்தான் பார்த்தோம். உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருந்தார்கள், 25 வீதம் என்று சட்டத்தில் எழுதிய பிறகு 2018 தேர்தலில்தான் சபைகளில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். 2024இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போனதைப் பார்த்து அம்மா டீவி முன்னால் எழும்பி நின்றார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பெண்கள் பக்கத்தில் சமையல் குறிப்புக்குப் பக்கத்திலேயே பதில் கடமைக் கடிதம், அதாவது இன்னொருவர் இடத்தில் வேலை பார்க்கச் சொல்லும் கடிதம், கேட்பதற்கு ஒரு மாதிரி விண்ணப்பம் போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். பத்து வரி போதும், வெட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை