பக்கத்து வீட்டு மவுத் ஆர்கன் குடும்பம்

கிளீவ்லாந்து, ஒஹாயோ
3.2.1991

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கங்கள். இங்கு நான் நலம். நீங்கள் இருவரும், அத்தையும், தம்பியும், சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாட்டுப் பொங்கலன்று அம்மா எழுதிய கடிதம் இந்த வாரம் கிடைத்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டிருந்தார். மற்ற விஷயங்களுக்கு முன்னால் அதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். அதில் அப்பாவுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

பக்கத்து வீட்டில் இருக்கும் பாட்டியைப் பற்றிப் போன கடிதத்தில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அறுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். அவருடைய பெற்றோர் யுகோஸ்லாவியாவின் ஸ்லோவேனியப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள். இங்கே செயின்ட் கிளேர் அவென்யூவில் அந்நாட்டு மக்கள் ஒரு தனி ஊர் போலவே குடியேறியிருக்கிறார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், நாள்தோறும் இருட்டும் நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வரும். மவுத் ஆர்கன் சத்தம் என்று உடனே தெரிந்தது, ஆனால் அதில் பாட்டு இல்லை. தாளம் தவறாமல் நாலைந்து ஸ்வரங்கள் சேர்ந்து சேர்ந்து ஒலிக்கும், நிற்கும், மறுபடியும் ஒலிக்கும். பாடகர் எழுந்துபோன பிறகும் பக்கவாத்தியக்காரர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பதைப் போல இருக்கும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் பொடீட்சா என்னும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். மாவை மெல்லியதாக விரித்து, அரைத்த அக்ரூட் பருப்பைத் தேனோடு கலந்து பூசி, பாய்போலச் சுருட்டிச் சுட்டு எடுக்கும் ரொட்டி அது. பதிலுக்கு நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன். கடுகும் கடலைப் பருப்பும் பல்லில் கடிபடுவது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் உள்ளே போய், கிட்டத்தட்ட இரண்டடி நீளமுள்ள ஒரு மவுத் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா, இதை நீங்கள் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு நீண்ட கட்டைகள், நடுவில் கீல் வைத்து இணைத்திருக்கிறார்கள். மொத்தம் 48 கார்டு, 384 ரீடு. கார்டு என்பது ஒரே மூச்சில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது; ரீடு என்பது காற்றுப் பட்டு அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு. இதற்கு ஜோடியாக, தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் மவுத் ஆர்கன் என்று ஒன்று உண்டு. அதில் ஊதினால் மட்டுமே சத்தம் வரும், உறிஞ்சினால் வராது. ரீடுகள் பெரியவை என்பதால் மூச்சும் நிறைய வேண்டும், ஆகவே அதை வாசிப்பவர் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே காற்றைத் திருடிக்கொள்ள வேண்டும். பாட்டை வாசிப்பது குரோமாட்டிக் என்னும் வகை: 12 துளை, 48 ரீடு, பக்கவாட்டில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். நீங்கள் மூர் மார்க்கெட்டில் வாங்கிய மவுத் ஆர்கனில் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் மட்டுமே உண்டு, கல்யாணி வாசிக்க மத்யமத்தை சட்ஜமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளக்கிக் காட்டினீர்களே, குரோமாட்டிக்கில் அந்தச் சுற்றுவழியே தேவையில்லை.

இந்தப் பாட்டியின் குடும்பம் முழுவதும் மவுத் ஆர்கன் வாசித்த குடும்பம். இரும்பாலையில் வேலை பார்த்த அவருடைய தந்தை பேஸ், இவர் கார்டு, அண்ணன் குரோமாட்டிக், தம்பி அண்ணனுக்கு இரண்டாம் குரல். தாயார் சிறிய பத்துத் துளை மவுத் ஆர்கனில் போல்கா, வால்ட்ஸ் என்னும் நடன மெட்டுகளை மட்டும் வாசிப்பாராம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து சரக்கு வருவது நின்றுபோனதால், கையில் இருந்த ஹோனர் என்னும் ஜெர்மன் கம்பெனியின் கருவிகளை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். ரீடு உடைந்தால் தந்தையே அரத்தால் தேய்த்துச் சரிசெய்வார்.

பிறகு 1947 வந்தது. ஜெர்ரி முராட் என்பவரின் ஹார்மோனிகேட்ஸ் குழு, மூன்றே பேர், சிகாகோவில் ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்ற பழைய பாட்டை மவுத் ஆர்கனில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. நாடு முழுவதும் அதுதான் முதலிடம். முராட் குரோமாட்டிக், அல் ஃபியோரே கார்டு, டான் லெஸ் பேஸ். அதுவரை இந்த நாட்டு இசைக்கலைஞர் சங்கம் மவுத் ஆர்கனை ஒரு வாத்தியமாகவே ஏற்றுக்கொண்டதில்லை, விளையாட்டுச் சாமான் என்றே ஒதுக்கி வைத்திருந்தது. 1948இல் சங்கம் இசைத்தட்டுப் பதிவுக்குத் தடை விதித்தபோது, சங்கத்தில் சேர்க்கப்படாத மவுத் ஆர்கன்காரர்கள் மட்டும் தடையின்றிப் பதிவு செய்ய முடிந்தது. இதைச் சொல்லும்போது பாட்டியின் முகத்தில் இப்போதும் ஒரு பெருமை தெரிகிறது; எனக்கும் அது நியாயமான பெருமையாகவே படுகிறது. அவர்கள் வீட்டில் அந்த இசைத்தட்டு தேயும்வரை ஓடியதாம். மூன்று பேரின் பங்கையும் நான்கு பேருக்குப் பிரித்து, தந்தை காதாலேயே கேட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

அதே 1947 டிசம்பரில்தான் கிளீவ்லாந்தின் முதல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. உள்ளூர்த் திறமைசாலிகளை அழைத்து வாசிக்கவும் பாடவும் வைக்கும் நிகழ்ச்சி ஒன்றில், ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு உடுத்தும் ஆடையோடு போய் நின்றார்கள். ஒரே ஒரு மைக். அதற்கு முன்னால் யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்திருந்தார்கள், அந்தத் தூரம்தான் யார் சத்தம் எவ்வளவு கேட்கும் என்பதைத் தீர்மானித்தது. விளக்குகளின் வெப்பம் தாங்க முடியாததாக இருந்தாலும், ரீடுக்கு அது நல்லது என்று தந்தை சொன்னாராம். குளிர்ந்த மவுத் ஆர்கனில் ஊதினால் மூச்சின் ஈரம் ரீடில் படிந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் வாசிக்கும் முன் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பாட்டி இன்றும் அப்படித்தான் செய்கிறார்.

எல்லாம் நேரடி ஒளிபரப்பு, திருத்தி மறுபடி வாசிக்க வழியில்லை. வால்ட்ஸ் வாசித்தபோது இவருடைய தாயார் ஓர் அட்சரம் முந்தி எடுத்துவிட, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காமலே மற்ற நால்வரும் தாயாரோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள், பார்த்தவர் எவருக்கும் அது தெரியவில்லை. உறவினர்கள் யார் வீட்டிலும் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. தெருமுனை மதுக்கடையில் இருந்த ஒரே பெட்டியின் முன் தெருவே கூடி நின்று பார்த்ததாம். மில் மாமா வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க நாம் இடம்பிடித்து உட்கார்ந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் இப்படிப்பட்ட குழுக்கள் பல. எட் சல்லிவன் நிகழ்ச்சியை 1948 முதல் ஞாயிறு இரவுகளில் நாடே பார்த்தது. டெட் மேக் நடத்திய புதுமுகங்கள் நிகழ்ச்சிக்கு மக்கள் அஞ்சலட்டையில் வாக்களிப்பார்கள். ஜானி புலியோ என்ற மிகக் குள்ளமான மவுத் ஆர்கன் கலைஞர், தன்னைவிட உயரமான ஆட்களை முட்டித் தள்ளிக்கொண்டு மைக்கை அடையப் பாடுபடுவதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாட்டியின் தந்தைக்கு மட்டும் அந்த வேடிக்கை பிடிக்கவில்லை, ஆனால் புலியோவின் மூச்சுக் கட்டுப்பாட்டைப் பற்றி மரியாதையோடு பேசுவாராம். மவுத் ஆர்கனைக் காப்பாற்றவென்றே 1963இல் டெட்ராய்ட் பக்கத்தில் தொடங்கிய சங்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், பழைய நிகழ்ச்சிகளை வீடியோ கேசட்டில் நகலெடுத்துப் பாட்டிக்குக் கொடுத்திருக்கிறார். இந்த மாதம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் வளைகுடாப் போர்தான், அதனால் நாங்கள் அந்தக் கேசட்டையே போட்டுப் பார்க்கிறோம்.

ஆனால் அதில் பாட்டியின் குடும்பம் இல்லை. வீடியோ நாடாவில் பதியும் இயந்திரம் 1956இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையையே ஃபிலிம் கேமராவால் படம்பிடிக்க வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு அதைச் செய்தார்கள், ஓர் ஊரின் மவுத் ஆர்கன் குடும்பத்துக்கு யார் செய்வார்கள்? மதுக்கடையில் பார்த்த சித்தப்பா ஒருவர் திரையைப் புகைப்படம் எடுத்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் ஐந்து உருவங்கள், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. இருப்பது அது ஒன்றுதான். கொரியப் போருக்கு அழைப்பு வந்து அண்ணன் போனதோடு குழு கலைந்தது. அவர் திரும்பி வந்தும் தொலைக்காட்சிக்கு மறுபடி போகவில்லை. இப்போது அந்த ஐவரில் பாட்டியும், வேறு மாநிலத்தில் இருக்கும் தம்பியும்தான் மிச்சம். அதனால்தான் சாயங்காலம் அவர் தன் பங்கை மட்டும் வாசிக்கிறார். அண்ணன் வாசிக்கும் பாட்டு அவர் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்குமேல்தான் அப்பாவுக்கான செய்தி. நான் புறப்படும்போது நீங்கள் பெட்டியில் வைத்த மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்தது நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான், ‘சக்தி ஸஹித கணபதிம்’ வாசித்தேன். கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் செய்த நோட்டுஸ்வரம், திஸ்ரம், சங்கராபரணத்தின் ஸ்வரங்களைத் தாண்டாதது என்று நீங்கள் சொல்லியிருப்பதை அவருக்கும் சொன்னேன். அவர் இரண்டு சுற்றுக் கேட்டார். மூன்றாம் சுற்றில் அந்த நீண்ட மவுத் ஆர்கனை எடுத்து, முதல் அட்சரத்தைக் கனமாகவும் அடுத்த இரண்டையும் மெல்லியதாகவும் போட்டு என்னோடு சேர்ந்துகொண்டார். இது எங்கள் வால்ட்ஸ்தான் என்றார். அப்பா, அந்தப் பாட்டுக்கு அடியில் அப்படி ஒரு நாதம் எழும் என்று நான் எண்ணியதே இல்லை. முடிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பியும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கோவில் மணி அடித்த பிறகு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதும், பெரியப்பா மரப்பெட்டியில் தாளம் போடுவதும், அம்மா உள்ளேயிருந்தே அடுத்த பாட்டைச் சொல்வதும், எல்லாவற்றையும் அந்த வாசலில் நின்று கேட்க வேண்டும் போல இருந்தது.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள். நான் வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரில் ஒரு புதுக் கேசட் போட்டு, நீங்கள் வாசிப்பதையும் பெரியப்பாவின் தாளத்தையும், அம்மா பாடினால் அதையும் சேர்த்துப் பதிந்து அனுப்பட்டும். நல்ல நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், பெரியப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடட்டும். இரண்டு பிரதி எடுக்கட்டும். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அம்மா கவலைப்பட வேண்டாம். குளிர் பழகிவிட்டது. ஈரி ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வீசினால் ஒரே இரவில் முழங்கால் அளவு பனி விழும், ஆனாலும் நீங்கள் கொடுத்த கம்பளி போதும். வீட்டை அதிகம் சூடாக்கினால் தோல் வறண்டுவிடுகிறது என்பதால் அளவாகத்தான் வைத்திருக்கிறேன். கார் வாங்கவில்லை, பேருந்தே வசதியாக இருக்கிறது. சனிக்கிழமை வேலை இப்போது இல்லை. அதனால் நல்ல ஓய்வு. தை மாதத்துக்கு அனுப்ப வேண்டிய டிராஃப்டை மாசியில் அனுப்புவதோடு சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை ஓடு மாற்றும் வேலையைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்தி வையுங்கள்.

சின்னவளைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து வருவதாக எழுதியிருந்தீர்கள். பையன் கூட்டுறவு வங்கியில் இருப்பது நல்லதுதான். ஆனால் வேலை நிரந்தரமா என்பதை மில் மாமா நேரில் போய் விசாரித்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். அவள் பி.எட். முடிக்கட்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனத்தாங்கல் வரும். நகை பற்றி அவர்கள் கேட்டால், அண்ணனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா வலது கண்ணைத் தஞ்சாவூரில் காட்டுவதை இனியும் தள்ளிப்போட வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் போய்வாருங்கள். வடக்குத் தெரு மனையின் பட்டா நகல் ஒன்று எனக்கு வேண்டும். சித்தப்பாவிடம் கேட்டால் கொடுப்பார். அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணத் தபால் வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்